பெண் மின்மினி எங்கே உட்கார்ந்திருக்கிறது? சுற்றுலாவைத் தொடங்குமுன் ஓர் ஒப்பீடு

ஓர் ஊரின் ஓடைக்கரையில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்கின்றன. யாரோ எடுத்த காணொளி நான்கே நாளில் பரவிவிடுகிறது. அடுத்த சனிக்கிழமை இரவு, முகப்பு விளக்குகளை எரியவிட்டபடி முப்பது கார்கள் வந்து நிற்கின்றன. ஊரார் கூடிப் பேச உட்காருகிறார்கள். "டிக்கெட் போடலாமா, வேண்டாமா?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நம் இடத்து மின்மினியின் பெண் பூச்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது? மரக்கிளையிலா, புல் நுனியிலா, தரைச் சருகிலா? இதற்கு விடை தெரிந்தால், முன்னால் இருக்கும் வழிகளில் பாதி தாமாகவே கழிந்துவிடும்.

மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நாம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பது அதன் வாழ்நாளின் கடைசிச் சில வாரங்களை மட்டுமே. அதற்கு முன் மாதக்கணக்கில், சில வகைகளில் ஓரிரு ஆண்டுகள், அது புழுவாக ஈரமண்ணிலோ சருகடியிலோ நீரிலோ கிடந்து நத்தையையும் மண்புழுவையும் தின்று வளர்கிறது. சிறகு முளைத்த பிறகு பல வகைகள் எதையும் தின்பதே இல்லை. சேர்த்து வைத்ததைச் செலவழித்து, இணை தேடி, முட்டையிட்டு முடிந்துவிடுகின்றன.

இதிலிருந்து வரும் ஒரு விளைவைத்தான் திட்டம் போடுகிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். இந்த ஆண்டு காலடியில் நசுங்கிய புழு, அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ எரியாத விளக்காகத்தான் கணக்கில் வரும். சேதத்துக்கும் அது கண்ணில் படுவதற்கும் இடையே அவ்வளவு காலம் ஓடிவிடுகிறது. அதற்குள் ஊரில் மூன்று விடுதிகள் எழும்பியிருக்கும், கடன் வாங்கியிருப்பார்கள், பின்வாங்க யாருக்கும் மனம் வராது. ஆகவே கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, எவ்வளவு வருமானம் என்பதோடு, தவறு நேர்ந்தால் திரும்ப முடியுமா என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

யாருக்கும் காட்டாமல் விடுவது

இயற்கை ஆர்வலர்கள் பலருக்கு முதலில் தோன்றும் வழி இதுதான். சில இடங்களுக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை. கூட்டம் சிறியது, இருப்பது ஒரே ஓடைக்கரை, பெண் பூச்சி தரையில் கிடக்கிறது, காவலுக்கு ஆள் இல்லை என்றால், அந்த இடத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே மேல். பல வகைகளில் பெண்ணுக்குப் பறக்க வராது. ஒரு துண்டு நிலத்தில் அழிந்தால் பக்கத்து நிலத்திலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது.

ஆனால் காட்டாமல் விடுவதும் சும்மா விடுவதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த மின்மினி ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, வாழிட இழப்பு, செயற்கை வெளிச்சம், பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றையும் பெரிய அச்சுறுத்தல்களாகச் சொன்னது. இந்த மூன்றில் எதையும் வேலி தடுக்காது. பக்கத்து வயலில் தெளித்த மருந்து மழைநீரோடு உள்ளே வரும். புதிதாகப் போட்ட தெருவிளக்கு வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஈரநிலத்தை யாராவது மண் கொட்டி மேடாக்கினால், "பூச்சிக்காகவா நிலத்தைச் சும்மா போட்டு வைப்பது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். காட்டாமல் காப்பதற்கும் உழைப்பும் பணமும் வேண்டும்; வருமானம் மட்டும் வராது. பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் இந்த வழியைப் பரிந்துரைப்பவர்களை நான் நம்புவதில்லை.

வருகிறவரெல்லாம் வரட்டும்

இதை ஒரு வழி என்று சொல்வதே அதிகம். ஆனாலும் பெரும்பாலான ஊர்கள் முடிவெடுக்காமலேயே இதில்தான் வந்து விழுகின்றன. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர் மின்மினி பார்க்கவென்றே பயணம் செய்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் ஒரு சிறு திவலை ஓர் ஓடைக்கரையில் விழுந்தாலும் போதும்.

தாய்லாந்தின் அம்பாவாவில் நடந்தது இதற்குச் சரியான பாடம். அங்கே ஆற்றோர அலையாத்தி மரங்களில் மின்மினிகள் கூடும். மிதக்கும் சந்தைக்கு வந்த கூட்டம் இரவில் மோட்டார் படகுகளில் ஏறி மின்மினி பார்க்கப் போனது. படகுகள் பெருகின. அலை அடித்துக் கரை அரித்தது, மரங்கள் சாய்ந்தன. நள்ளிரவுவரை இயந்திர இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாத கரையோரக் குடும்பங்களில் சிலர், மின்மினி கூடும் மரத்தையே வெட்டினார்கள் என்று செய்திகள் வந்தன. காசு படகுக்காரருக்கு, தூக்கக்கேடு கரையில் குடியிருப்பவருக்கு. கணக்கு இப்படி இருந்தால் மரம் எத்தனை நாள் நிற்கும்? வெட்டியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரைக் கேட்காமல் அவர் வீட்டு முன்னால் இருந்த மரத்தை விற்றவர்கள்மேல்தான் வருகிறது.

துடுப்புப் படகு

அதே மரவகை, நெருங்கிய உறவுடைய மின்மினிகள். ஆனால் மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றில், கம்போங் குவாந்தானில் வேறு வழியைப் பிடித்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் துடுப்புப் போடும் சிறு படகில் நான்கு பேர் அமர்ந்து, சத்தமில்லாமல் கரையோரம் போகிறார்கள். மலாயில் பெரெம்பாங் எனப்படும் மரங்களில் ஆண் மின்மினிகள் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. கூட்டம் இலைமேல் உட்கார்ந்திருக்கிறது, பார்வையாளர் நீரில் இருக்கிறார். மிதிக்கத் தரையே இல்லை. மரத்தில் கூடும் வகைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பார்வை முறையை நான் அறியேன். துடுப்புக்கு ஆள் வேண்டும் என்பதால் கூலி ஊருக்குள்ளேயே தங்குகிறது. ஓர் இரவில் போகக்கூடிய படகுகளுக்கும் இயல்பாகவே ஓர் எல்லை வந்துவிடுகிறது. துடுப்புப் போடும் கை ஓயத்தானே வேண்டும்.

இருந்தும் சிலாங்கூர் முழு வெற்றிக் கதை ஆகிவிடவில்லை. அங்கே மரம் கல்யாண மண்டபம் மட்டுமே. பிள்ளைகள் வளரும் வீடு வேறு. புழுக்கள் மரத்துக்குப் பின்னால் இருக்கும் சேற்றுக் கரையில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை ஒட்டிய நிலத்தை அழித்துச் செம்பனைத் தோட்டம் போட்டாலோ, ஆற்றின் மேல்பகுதியில் அணை கட்டி நன்னீருக்கும் உவர்நீருக்கும் இருந்த கலவையை மாற்றினாலோ, மண்டபம் அப்படியே நிற்கும், மணமக்கள் குறைவார்கள். இரண்டும் அந்த ஆற்றில் நடந்தன. படகுத் துறையை எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் அதனால் மட்டும் இவற்றைத் தடுக்க முடியாது. ஆகவே துடுப்புப் படகு வழியைத் தேர்ந்தெடுக்கும் ஊர், ஆற்றோர மரவரிசையோடு நின்றுவிடாமல் அதற்குப் பின்னால் இருக்கும் சேற்று நிலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பார்வையாளருக்கு அங்கே காட்ட ஒன்றும் இல்லை. வெறும் சேறு, கொசு. திட்ட வரைபடங்களிலிருந்து அது விடுபட்டுப் போவதற்கும் அதுவே காரணம்.

எண்ணி அனுமதிப்பது

பெண் தரையில் இருக்கும் வகைகளுக்குப் படகு உதவாது. கூட்டத்தை எண்ணித்தான் விட வேண்டும். இதில் உலகில் பெயர்பெற்றது அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள எல்க்மாண்ட். ஃபோட்டினஸ் கரோலினஸ் என்ற வகை அங்கே மே இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை ஒத்திசைந்து மின்னுகிறது. நுழைவை 2006 முதல் கட்டுப்படுத்தி வருகிறார்கள். முதலில் பஸ்ஸில் மட்டும் அழைத்துப் போனார்கள். பின்னர் குலுக்கல் முறை வந்தது. உச்சக் கட்டம் என்று கணிக்கும் எட்டு இரவுகள், இரவுக்கு நூற்றுச் சொச்சம் வாகனங்கள், அவ்வளவுதான். விண்ணப்பிக்கிறவர்களோ பல்லாயிரம் பேர். டார்ச்சுக்குமேல் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டும், வெளிச்சம் தரையைப் பார்க்க வேண்டும், பாதையை விட்டு இறங்கக் கூடாது.

இந்தக் கெடுபிடி எதற்கு என்பதை அந்தப் பூச்சியே சொல்லும். ஆண்கள் பறந்தபடி ஐந்து முதல் எட்டு முறை மின்னிவிட்டு, எல்லாம் ஒன்றாக அணைந்துபோகின்றன. எட்டு விநாடி போல முழு இருட்டு. தரையில் இருக்கும் பெண் அந்த இருட்டில்தான் மங்கலாகப் பதில் சொல்கிறது. "அடடா, அணைந்துவிட்டதே" என்று யாராவது செல்போனைத் தட்டுவது சரியாக அந்த நேரத்தில்தான். சூரியனுக்கு முன்னால் மின்மினியா என்பார்கள். செல்போனுக்கு முன்னாலேயே அது நிற்க முடிவதில்லை.

குலுக்கலின் பலம் அதன் நியாயம். பணக்காரருக்கும் மற்றவருக்கும் ஒரே சீட்டு. அதன் பலவீனம், அதை நடத்த வாயிலும் வனக்காவலரும் சட்ட அதிகாரமும் வேண்டும் என்பது. தேசியப் பூங்காவுக்கு இவை உண்டு. ஓர் ஊராட்சிக்கோ தனியார் தோப்புக்கோ கிடைப்பது அரிது. நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் நிலத்தில் குலுக்கல் நடத்துவது ஓட்டைக் குடத்துக்கு மூடி போடுவது போல. மேலும், சீட்டு விழாதவர்கள் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. காவல் இல்லாத பக்கத்து ஓடையைத் தேடிப் போகிறார்கள்.

இதையே ஊர் கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மெக்சிகோவின் திலஸ்காலா மாநிலத்தில் உள்ள நானாகமில்பா காடுகளைப் பார்க்கலாம். மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் 2011 வாக்கில் மின்மினி பார்க்க ஆட்களை அழைத்துப் போகத் தொடங்கின. காட்டை நிற்கவைத்தே சம்பாதிக்கலாம் என்று தெரிந்ததும் கோடரிக்கு வேலை குறைந்தது. இந்த ஒப்பீட்டில் வாழிடத்துக்கு நேரடியாக நன்மை செய்த சுற்றுலா என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தக் காட்டு மின்மினியின் பெண்ணுக்குச் சிறகு குட்டை, பறக்காது. காட்டுத் தரையிலேயே கிடக்கும். வருகிறவர்கள் அதே தரையில்தான் நடக்கிறார்கள். எத்தனை பேர் என்பதைவிட எங்கே கால் வைக்கிறார்கள் என்பதே அங்கே பெரிய கேள்வி. கயிறு கட்டிய பாதை, முன்னால் ஓர் ஊர் வழிகாட்டி, பின்னால் ஒருவர், பாதையோரம் நின்று பார்த்துவிட்டு அதே பாதையில் திரும்புவது என்றிருந்தால் ஐம்பது பேர் செய்யும் சேதம், பரவித் திரியும் ஐந்து பேர் செய்வதைவிடக் குறைவாக இருக்கும்.

வளர்த்துப் பறக்கவிடுவது

மின்மினி குறைந்துபோன ஊர்களில் இந்த யோசனை கட்டாயம் வரும். எங்கிருந்தாவது வாங்கி வந்து விடலாமே? கேட்க நன்றாக இருக்கிறது. ஜப்பானைப்போல இதை நீண்டகாலம் செய்து பார்த்த நாடு வேறில்லை. அவர்கள் அனுபவத்தில் எச்சரிக்கைதான் அதிகம்.

ஷிகா மாநிலத்தின் மோரியாமா, கென்ஜி என்ற மின்மினி வகைக்குப் பெயர்போன ஊர். 1924-இல் அந்த மின்மினிகளை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். ஆனால் ஏற்கெனவே வியாபாரிகள் இரவிரவாகப் பிடித்துப் பெருநகரங்களின் விடுதித் தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; ஓடைகளும் கெட்டுப்போயின. 1960-இல் அந்த அறிவிப்பையே நீக்க வேண்டியதாயிற்று. காக்க வேண்டியது அங்கே மிச்சம் இல்லை.

நாகானோ மாநிலத்தின் தட்சுனோ கதை இன்னும் நுட்பமானது. அங்கும் மின்மினி விழா புகழ்பெற்றது. கூட்டத்தைப் பெருக்க, வேறு பகுதியிலிருந்து கென்ஜி மின்மினிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே வகை என்றாலும், மேற்கு ஜப்பான் ஆண்கள் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறையும் கிழக்கு ஜப்பான் ஆண்கள் நான்கு விநாடிக்கு ஒருமுறையும் மின்னுகின்றன. ஒரு மொழியின் இரண்டு வட்டார வழக்குகள் மாதிரி. வந்தவை பெருகின, அந்த மண்ணின் சொந்தக் கூட்டம் குறைந்தது என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. பார்வையாளருக்கு வேறுபாடு தெரியாது. அவர் கண்ணுக்கு மின்மினி நிறைந்த பள்ளத்தாக்குதான். இழந்ததே தெரியாமல் இழப்பது இந்த வழியில் மட்டும்தான் நடக்கும்.

சீனாவில் காட்டில் பிடித்த மின்மினிகளைப் பூங்காக்களில் பறக்கவிட்டுக் கட்டணம் வாங்கிய கண்காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில நாள் வாழும் பூச்சியை ஒரு மாலைக்காகக் கொன்று முடிக்கும் வியாபாரம் அது.

இந்த வழியில் ஒப்புக்கொள்ளத்தக்க பகுதி ஒன்று உண்டு. வாழிடத்தை முதலில் மீட்பது, அதன் பிறகு, அதே நீர்ப்பிடிப்பைச் சேர்ந்த பூச்சிகளின் வாரிசுகளை மட்டும் விடுவது. நீரில் வளரும் கென்ஜி புழுவுக்கு ஓடை நத்தை வேண்டும், கூட்டுப்புழுவாக மாற ஈரமான மண்கரை வேண்டும். கரைக்கு சிமெண்ட் பூசிவிட்டு மேலிருந்து எத்தனை ஆயிரம் புழு கொட்டினாலும் அவை ஏறிப் புதையும் மண் இருக்காது. மண்கரையும் நத்தையும் இருட்டும் திரும்பி வந்தால், பக்கத்தில் மிச்சம் இருக்கும் கூட்டம் சில இடங்களில் தானாகவே பெருகிவிடும்; கொண்டுவந்து விட வேண்டிய தேவையே எழாமல் போகலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் தீர்ப்பு இதுதான். மரத்தில் கூடும் வகை, கரைவாசிகள் ஒத்துழைக்கிறார்கள் என்றால் துடுப்புப் படகு. தரையில் பெண், நிலம் ஒரு கூட்டுறவின் கையிலோ ஊரின் கையிலோ இருக்கிறது என்றால் கயிற்றுப் பாதையும் வழிகாட்டியும். தரையில் பெண், நிலம் யாருடையது என்றே தகராறு என்றால் இப்போதைக்குக் காட்டாமல் விடுவது. வாயிலும் காவலும் உள்ள அரசு வனத்துக்குக் குலுக்கல் பொருந்தும். வெளியிலிருந்து பூச்சி வாங்கும் யோசனையை எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். மின்மினிப் பருவம் ஒரு வகைக்குப் பெரும்பாலும் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களுக்காக விடுதி கட்டினால், மீதி மாதங்கள் அதை நிரப்ப வேறு கூட்டம் தேவைப்படும். அந்தக் கூட்டத்துக்குத் தோட்ட விளக்கு, வாகன நிறுத்தம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொசுப்புகை வேண்டும். விருந்தாளியைக் கடித்த கொசுவைக் கொல்ல அடிக்கும் புகை, அவர் பார்க்க வந்த பூச்சியையும் சேர்த்துத்தான் கொல்லும். ஆகவே இருக்கும் வீடுகளில் தங்கவைப்பது, பருவத்தில் கிடைப்பதை ஆண்டு வருமானத்தின் ஒரு சிறு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்வது, இதுவே தாங்கும். பங்கு பிரிக்கும்போது முதல் பங்கு விளக்கை அணைப்பவருக்கும் மருந்து தெளிக்காமல் விட்ட வயல்காரருக்கும் போக வேண்டும். அம்பாவாவில் விடுபட்டவர்கள் அவர்கள்தானே.

தெருவிளக்குப் பிரச்சினை நினைப்பதைவிட எளிது. பருவத்தில், இரவின் முதல் சில மணி நேரம், அந்த ஒரு துண்டுப் பாதையில் அணைத்தால் போதும். முடியாத இடத்தில் வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போடலாம், வெள்ளை விளக்குக்குப் பதில் சிவப்பு விளக்கு போடலாம். செலவு அதிகம் இல்லை. சண்டைதான் அதிகம்; பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும் என்பவர்களின் அச்சமும் பொய் இல்லை. எந்த விளக்கு, எந்த நேரம் என்று அவர்களோடு உட்கார்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

இடத்தைத் திறப்பதற்கு முன் எண்ண வேண்டும். ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல்கள் என்று வாரம் இருமுறை எழுதி வைக்கலாம். கூடவே நிலவு, காற்று, மழை. பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. ஓர் ஆண்டுக் கணக்கு ஏமாற்றும், ஏனென்றால் இப்போது பறப்பவை முன்பு எப்போதோ இட்ட முட்டைகள். இரண்டு பருவம் எண்ணாமல் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று ஒருவரும் சொல்ல முடியாது.

எனவே அந்த முப்பது கார்கள் வந்த ஊர் என்னைக் கேட்டால், முதல் ஆண்டு சாலை முனையில் ஒரு கயிறு கட்டி, கார்களை அங்கேயே நிறுத்தி, எண்ணுகிற பிள்ளைகளை மட்டும் உள்ளே விடச் சொல்வேன். இரண்டாம் ஆண்டு ஊர்க்காரர்களே விருந்தாளிகள். தம் வீட்டு விளக்கு எவ்வளவு தூரம் எறிக்கிறது என்பதை அந்த இருட்டில் நின்று அவர்களே பார்க்கட்டும். மூன்றாம் ஆண்டு, நோட்டில் இருக்கும் எண்கள் இறங்கவில்லை என்றால், டிக்கெட் அச்சடிக்கலாம். இரவுக்கு இருபது.